மாடியில் வெயில், கீழே டீசல்

போன வாரம் சாப்பாட்டு மேஜையிலிருந்து பறந்த தட்டு சுவரில் மோதிச் சிதறியது. சில்லுகளைப் பெருக்கி அள்ளிவிட்டார்கள். சத்தம்தான் இன்னும் அந்தக் குடும்பத்தின் காதை விட்டுப் போகவில்லை.

தட்டை எறிந்தவர் அக்கா தங்கை இருவரில் பெரியவளின் கணவர். கடைத்தெருவில் அவருக்கு டீசல்காரர் என்று பெயர். கரண்ட் போகாத நாளே இல்லாத தெரு அது. போன மறுநிமிஷம் அவருடைய ஜெனரேட்டர் உறுமும். ரொட்டிக்கடை, மருந்துக்கடை, தையல் கூடம் என்று வரிசையாக எல்லாக் கடைகளுக்கும் அவர் ஷெட்டிலிருந்துதான் வயர் போகிறது.

எறியப்பட்டது சின்னவளின் பேச்சுக்காக. அவளும் அவள் கணவர் வெல்டரும் மாடிகளில் சோலார் பேனல் மாட்டுகிறவர்கள். இரும்புச் சட்டம் அவர் கை வேலை, வயரிங் இவள் கை வேலை. ஊரெல்லாம் மாட்டினார்கள், யாருக்கும் வலிக்கவில்லை. "மாமா, அடுத்தது தையல் கூடத்து மாடி" என்று சின்னவள் சொன்னபோதுதான் தட்டு பறந்தது. ஏனென்றால் தையல் கூடத்து மாடிக்கு நேர் கீழே, பின்பக்கச் சந்தில், தகரக் கூரை போட்டு நிற்பதுதான் டீசல்காரரின் ஷெட்.

"உன் கண்ணாடி ஒண்ணுகூட அந்தத் தெருவுல நிக்காது" என்றார் அவர்.

"நிக்குதா இல்லையான்னு வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள் சின்னவள்.

அதிலிருந்து அக்கா தங்கைக்குள் பேச்சு இல்லை.

பெரியவள் காலையில் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கணவரின் சட்டைகளை மட்டும் தனியாக ஊறவைப்பது வழக்கம். எத்தனை சோப்புப் போட்டாலும் டீசல் வாசனை போகாது. பிழிந்து உதறியபோது மதிலுக்கு அந்தப்புறம் பேச்சுக்குரல் கேட்டது.

"கண்ணாடியை மட்டும் உடை. ஆள் மேல கை வெச்சிடாதே." கணவரின் குரல்.

"அவங்க கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்ப்பாங்களாண்ணே?"

இது கட்டையின் குரல். கட்டை அவளுடைய கொழுந்தன். குள்ளமாக, அகலமாக, உருட்டிவைத்த மரத்துண்டு மாதிரி இருப்பான். தெருவில் ஒவ்வொரு கடைக்கும் வயர் இழுத்தவன் அவன்தான். ஒருமுறை கம்பத்தில் ஷாக் அடித்துக் கீழே விழுந்து, செத்தான் என்று துணி போர்த்திய பிறகு எழுந்து உட்கார்ந்தவன்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல வழக்கம்போல கரண்ட் போகும். போனப்புறமும் டெய்லரம்மா கூடத்துல மெஷின் ஓடிச்சுன்னு வெச்சுக்க, சாயங்காலமே ரொட்டிக்கடைக்காரன் நம்ம வயரைக் கழட்டிடுவான். அப்புறம் மருந்துக்கடை. அப்புறம் நீயும் நானும் அந்த இன்ஜினைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு படுக்கவேண்டியதுதான்."

கட்டை சிரிக்கவில்லை. "எனக்கு வேற என்னண்ணே தெரியும்? வயரும் டீசலும் தவிர?"

"தெரியுதில்ல? போ. ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டுப் போ."

கை நிறைய நுரையோடு பெரியவள் வாசலுக்கு ஓடிவந்தாள். கட்டையின் வண்டி அதற்குள் தெருமுனையில் திரும்பிவிட்டது. டீசல்காரர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"யாரை எங்க அனுப்புறீங்க?"

"கடை வேலை."

"அங்க என் தங்கச்சி இருக்கா."

"எனக்கும் தெரியும். என் தலைக்கு மேலதானே ஏறி நிக்கிறா!"

"வேண்டாங்க. கூப்பிடுங்க அவனை."

அவர் நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. ராத்திரி தூங்காத கண்கள்.

"கரண்ட் ஆபீஸ்காரன் கையை விரிச்சப்போ இந்தத் தெருவுக்கு வெளிச்சம் கொடுத்தவன் நான். அந்தப் புகையைக் குடிச்சுக் குடிச்சுத்தான் மூச்சு இழுக்குது எனக்கு. இப்ப வெயில் சும்மா கிடைக்குதுன்னு எல்லாரும் மாடிக்கு ஓடுவாங்க, நான் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கணுமா?"

அவள் அவர் கையைப் பிடித்தாள். உதறிய வேகத்தில் அவள் முழங்கை கதவு நிலையில் இடித்தது. வலியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் ஒருகணம் நின்றார். அப்புறம் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

பெரியவள் தங்கைக்கு போன் போட்டாள். மணி அடித்தது. துண்டித்தார்கள். மறுபடி போட்டாள். மறுபடி துண்டிப்பு.

'திமிர் பிடிச்சவ. பட்டாத்தான் புத்தி வரும்' என்று போனைக் கட்டிலில் எறிந்தாள். மீதித் துணியைப் பிழியப் போனாள். ஒரு சட்டையைப் பிழிந்தாள், இன்னொன்றைக் கையில் எடுத்தாள். அதை அப்படியே வாளியில் போட்டுவிட்டு, போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரப் புடவையோடு தெருவில் இறங்கி ஓடினாள்.

தையல் கூடத்து மாடியில் வெயில் அடுப்பு மாதிரி எரிந்தது.

இந்த மாடியில் ஏறுவதற்கே சின்னவள் நாயாக அலைந்திருந்தாள். "வரட்டும், பார்க்கலாம்" என்ற ஒரே பதிலைக் கரண்ட் ஆபீஸில் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், கடைசியில் ஆபீஸ் லைனே வேண்டாம், பாட்டரி வைத்து ஓட்டிக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். எதிர்வீட்டுக்காரர் இடி நேராக இங்கேதான் இறங்கும் என்றார். கட்டிடச் சொந்தக்காரருக்கு வேறு கவலை.

"ஏம்மா, இந்தக் கண்ணாடி வெயிலையெல்லாம் உறிஞ்சிடுச்சுன்னா, என் பெண்டாட்டி துணி எங்க காயும்?"

"உங்க பெண்டாட்டிக்குன்னு கொஞ்சம் வெயில் மிச்சம் வெச்சுக் கொடுக்கிறேன் சார்" என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கினாள்.

துணிந்து நின்றவள் தையல் கூடத்து டெய்லரக்கா ஒருத்திதான். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் ஷெட்டுப் புகை. காலையில் வெட்டிய வெள்ளைத்துணி சாயங்காலம் சாம்பல் நிறத்தில் இருக்கும். தைக்கிற பெண்கள் இருமிக்கொண்டே தைத்தார்கள். "டீசல்காரர் என்னை அடிச்சாலும் பரவாயில்ல. எனக்கு ஜன்னலைத் திறக்கணும்" என்றாள் அவள்.

"உங்க அக்கா கூப்பிடுறாங்க, எடேன்" என்றார் வெல்டர், நட்டை முடுக்கிக்கொண்டே.

"எடுக்க மாட்டேன்."

"தட்டை எறிஞ்சது அவங்க இல்லையே?"

"எறிஞ்ச கையைப் பிடிக்கலையே!"

"பிடிச்சிருந்தா உங்க மாமா அவங்களையும் சேர்த்து எறிஞ்சிருப்பார்" என்று சிரித்தார் வெல்டர். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர். "சரி, அந்தக் கடைசிப் பலகையைத் தூக்கு. இதை மாட்டிட்டா கீழ போய் ஸ்விட்சைப் போட்டுடலாம்."

அப்போதுதான் கரண்ட் போனது. கீழே தையல் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. சந்தில் ஜெனரேட்டர் இருமி, உறுமி, ஓடத் தொடங்கியது. கரும்புகை கைப்பிடிச் சுவரைத் தாண்டி மாடிக்கு வந்தது.

அந்த உறுமலில் படிக்கட்டில் ஏறிவந்த காலடிகள் கேட்கவில்லை. மாடிக் கதவை மொட்டைமாடிப் பக்கம் தாழ் போடுகிற சத்தம்தான் சின்னவளைத் திரும்பவைத்தது.

கட்டை நின்றுகொண்டிருந்தான். கையில் கடப்பாரை. கூட இரண்டு பேர், ஆளுக்கொரு இரும்புக் கம்பி.

"தள்ளிக்கங்க வெல்டரே. கண்ணாடி மட்டும்தான் சொல்லியிருக்காரு அண்ணன்."

வெல்டர் கையை விரித்துக்கொண்டு பேனல்களுக்கு முன்னால் போய் நின்றார். "கட்டை, நாம ஒரே பந்தியில சாப்பிட்டவங்கடா. கடப்பாரையைக் கீழ போடு. வயர் வேலை தெரிஞ்சவன் நீ. எங்களோட வந்துடு, நான் சொல்லித்தர்றேன்."

கட்டையின் முகத்தில் ஏதோ அசைந்தது. ஒருகணம்தான்.

"எங்கண்ணன் நடுத்தெருவுல நிப்பாரு. நான் உங்ககிட்ட ஸ்குரு முடுக்கணுமா?"

கடப்பாரை இறங்கியது.

கண்ணாடி உதிரவில்லை. அடி விழுந்த இடத்திலிருந்து பலகை முழுக்க சிலந்திவலை மாதிரி வெடிப்பு ஓடியது. இரண்டாவது பலகை. மூன்றாவது. ஒவ்வொரு அடிக்கும் சின்னவள் தன் எலும்பில் விழுந்த மாதிரி துடித்தாள்.

"டேய்!" என்று வெல்டர் பாய்ந்தார். கூட வந்தவர்களில் ஒருவன் கம்பியை வீசினான். வெல்டரின் தோள்பட்டையில் அது விழுந்த சத்தம் சின்னவளுக்குக் கேட்டது. அவர் மண்டியிட்டார். அவன் மறுபடி ஓங்கினான்.

சின்னவள் கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. ஓங்கியவனின் மணிக்கட்டில் வீசினாள். காய்ந்த குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் அலறிக்கொண்டு கம்பியை விட்டான். இன்னொருவன் அவள் வயிற்றில் உதைத்தான். மூச்சடைத்துச் சுருண்டு விழுந்தாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. கன்னத்தின் கீழே தரை சுட்டது.

உள்ளேயிருந்து மாடிக் கதவை யாரோ தடதடவென்று இடித்தார்கள். "கதவைத் திறங்கடா! போலீசுக்குச் சொல்லியாச்சு!" டெய்லரக்காவின் குரல். அவளுக்குப் பின்னால் பெண்களின் கூச்சல்.

"சீக்கிரம் முடி!" என்று கத்திவிட்டு, இன்னும் மாட்டப்படாத கடைசிப் பலகையைக் கட்டை தூக்கினான். கீழே வீசுவதற்காகக் கைப்பிடிச் சுவருக்குக் கொண்டுபோனான். வெல்டர் தள்ளாடி எழுந்து ஓடி, சுவருக்கும் அவனுக்கும் நடுவே புகுந்து, அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கை தொங்கியது. ஒற்றைக் கையால் பிடித்திருந்தார்.

"விடுங்க!"

"மாட்டேன்டா!"

இழுத்தான் கட்டை. இழுத்தார் வெல்டர். சுவருக்கு முதுகு காட்டி நின்றது வெல்டர்தான். இடுப்பளவுகூட இல்லாத சுவர்.

கட்டையின் கை பலகையை விட்டது.

வேண்டுமென்று விட்டானா, வியர்வையில் வழுக்கியதா? இரண்டு பேருக்கு நடுவில் நடந்தது அது. சின்னவள் பார்த்தது இவ்வளவுதான்: பலகையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் கணவர் பின்னால் சாய்ந்தார். வெயில் பலகையில் ஒருமுறை பளீரென்று அடித்தது. அப்புறம் சுவருக்கு மேலே வெறும் வானம்.

அந்தப் பளீரைக் கீழே சந்தில் நின்ற பெரியவளும் பார்த்தாள்.

மூச்சிரைக்கச் சந்துக்குள் நுழைந்தவள் நிமிர்ந்தாள். மேலிருந்து ஒரு மனிதன் வந்தான். ஷெட்டின் தகரக் கூரை பிளந்து அவனை விழுங்கியது. ஜெனரேட்டரின் உறுமலில் அவன் கத்தினானா என்றுகூடத் தெரியவில்லை.

அவள் உள்ளே ஓடினாள்.

ஷெட்டின் மூலையில் டீசல்காரர் கேனும் கையுமாக உறைந்துபோய் நின்றார். இன்ஜின் மேல், மல்லாக்க, அவருடைய சகலை கிடந்தார். புகைக்குழாயில் முதுகு பட்டுச் சட்டை பொசுங்கியது. துணி மட்டும் பொசுங்குகிற வாசனை இல்லை அது. தொங்கிய சட்டை நுனியைச் சுழல்கிற பெல்ட் கவ்விவிட்டது. அங்குலம் அங்குலமாக அவரை உள்ளே இழுத்தது.

கேன் கீழே விழுந்தது. டீசல்காரர் பாய்ந்தார். ஒரு கை சுடுகிற குழாய்க்கும் சகலையின் முதுகுக்கும் நடுவில், இன்னொரு கை, வேறு பிடிமானம் இல்லாமல், காய்ந்து சிவந்த புகைக்குழாயின் மேலேயே. தோல் ஒட்டிக்கொண்டது. கையை எடுக்கவில்லை. இழுத்தார். பெல்ட் எதிர்ப்பக்கம் இழுத்தது.

"லிவரு! சிவப்பு லிவரு! இழுடி!"

இத்தனை வருஷத்தில் அந்த இயந்திரத்தைப் பெரியவள் ஒருநாளும் தொட்டதில்லை. சிவப்பாக ஏதோ தெரிந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். இன்ஜின் குலுங்கி, விக்கி, நின்றது.

தெரு முழுக்க சட்டென்று ஊமையானது.

டீசல்காரர் வெல்டரைத் தரையில் இறக்கினார். மண்டியிட்டு, அவர் மூக்கருகே காதை வைத்தார். "சகலை... சகலை, இங்க பாரு. பாருடா என்னை." உள்ளங்கைகளிலிருந்து ரத்தமும் நிணமும் வெல்டரின் மார்பில் ஒழுகின.

சின்னவள் உள்ளே வந்தது அப்போதுதான்.

டெய்லரக்காவின் பெண்கள் கதவை உடைத்துக்கொண்டு மாடிக்கு வந்ததும், அடியாட்கள் அடுத்த மாடிக்குத் தாவி ஓடியதும், படிக்கட்டில் தான் இறங்கினோமா உருண்டோமா என்பதும் அவளுக்கு நினைவில்லை. அவள் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று. அவள் கணவரின் மேல் குனிந்திருக்கும் ரத்தக் கை.

ஸ்பேனர் டீசல்காரரின் மண்டையில் இறங்கியது. காதுக்கு மேலே தோல் கிழிந்தது. அவர் தடுக்கவில்லை. என்ன நடந்தது என்று புரியாதவர் மாதிரி நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது அடிக்கு அவள் ஓங்கியபோது பெரியவள் குறுக்கே விழுந்தாள். அடி அவள் முன்கையில் பட்டது. காலையில் இடித்துக்கொண்ட அதே கை.

"அடிக்காதேடி! அவர்தான்டி தூக்கினாரு!"

"அவர்தான்டி தள்ளிவிட்டாரு!"

இருவரும் தரையில் உருண்டார்கள். சின்னவள் அக்காவின் முடியைப் பிடித்தாள். பெரியவள் அவளைக் கட்டிக்கொண்டாள். அடிக்கிறாளா அணைக்கிறாளா என்று தெரியாத பிடி. டெய்லரக்கா வந்துதான் பிரித்தாள்.

"சண்டையை அப்புறம் வெச்சுக்கங்கம்மா. இவருக்கு மூச்சு இருக்கு!"

ரொட்டிக்கடைக்காரர் வண்டியைக் கொண்டுவந்தார். காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே சகலைகள் இரண்டு பேரையும் அருகருகே கிடத்தினார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள் அக்காவும் தங்கையும். நடுவில் மூன்று பேர் உட்காருகிற இடம் இருந்தது. அழுது முடித்திருந்தார்கள்.

வெல்டருக்கு விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன. முதுகு வெந்திருந்தது. "தகரம் தடுத்ததால உயிர் இருக்கு. கண் முழிக்கட்டும், அப்புறம் சொல்றேன்" என்று டாக்டர் உள்ளே போய்விட்டார். டீசல்காரருக்குத் தலையில் தையல். இரண்டு கையிலும் முழங்கைவரை கட்டு.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார். நேராக டீசல்காரரின் கட்டிலுக்குப் போனார். ஸ்டேஷனுக்கும் அந்த ஷெட்டிலிருந்து ஒரு வயர் போவதைத் தெரு அறியும்.

"என்ன ஆச்சு?"

டீசல்காரர் விட்டத்தைப் பார்த்தபடி பேசினார். "மாடியில வேலை செய்யறப்போ சகலைக்குக் கால் தவறிடுச்சு. தகரம் என் தலையில விழுந்துச்சு. அவ்வளவுதான் சார். யார் மேலயும் யாருக்கும் புகார் இல்ல."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். வாசலில் நின்ற சின்னவளைப் பார்த்தார். "உங்களுக்கும் அதுதானேம்மா? இல்ல, ஸ்பேனர் கதை ஒண்ணும் காதுல விழுந்துச்சு. மண்டையை உடைச்ச கேஸு சாதாரணம் இல்ல. உங்க வீட்டுக்காரர் இப்படிக் கிடக்கிறப்போ நீங்க உள்ள போய் உட்கார்ந்தா, யார் பார்த்துக்கிறது? யோசிச்சுச் சொல்லுங்க."

பரிவாகத்தான் சொன்னார். கத்தியை வெல்லத்தில் தோய்த்த பரிவு.

சின்னவளின் தாடை இறுகியது. எதிரே கட்டிலில் மாமா, பக்கத்து அறையில் கணவர். அவள் தலை மெல்ல, மிக மெல்லக் குனியத் தொடங்கியது.

"எழுதாதீங்க சார்."

பெரியவள் எழுந்து வந்திருந்தாள். புடவையில் டீசலும் ரத்தமும் காய்ந்து விறைத்திருந்தன.

"காலையில எங்க வீட்டுப் பின்பக்கம் நின்னு, கண்ணாடியை உடைச்சிட்டு வான்னு தம்பியை அனுப்பினது இவர். நான் காதால கேட்டேன்."

"ஏய்!" டீசல்காரர் எழ முயன்றார்.

"ஆள் மேல கை வைக்காதேன்னு சொன்னதும் இவர்தான். அதையும் எழுதுங்க. விழுந்த மனுஷனை இன்ஜின்லேருந்து பிடுங்கினதும் இவர்தான். கை ரெண்டும் வெந்து போச்சு, விடலை. அதையும் எழுதுங்க."

அவள் தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"காப்பாத்தினவர் மண்டையில ஸ்பேனரால அடிச்சது என் தங்கச்சி. அதையும் எழுதுங்க சார்."

"அக்கா!"

"ஒண்ணுக்கு ஒண்ணு சரிக்கட்டி எல்லாத்தையும் மறைச்சிட்டா, நாளைக்கு இன்னொரு மாடியில இன்னொருத்தன் விழுவான்டி. கால் தவறிட்டான்னு அவனுக்கும் எழுதுவாங்க. எதிர்த்துப் பேச வாய் இருக்காது நமக்கு."

டீசல்காரர் மனைவியைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"என்னைக் காட்டிக் கொடுக்கிறியா?"

"ஆமாங்க" என்றாள் அவள். "நீங்க செஞ்ச நல்லதையும் சேர்த்துத்தான் காட்டிக் கொடுக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஒரு சாட்சியை அவர் எதிர்பார்த்து வரவில்லை.

"உங்க கொழுந்தன் இப்ப எங்க?"

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவளின் முகம் மாறியது. காதில் வைத்தாள்.

"அண்ணி..."

"கட்டை! எங்கடா இருக்கே?"

"வெல்டரு இருக்காரா அண்ணி?"

"உயிரோட இருக்கார்."

அந்தப் பக்கம் அழுகை. பெரிய உடம்பு அழுகிற அழுகை. "என் கைதான் அண்ணி. நான் விட்டேனா, வழுக்குச்சா, எனக்கே தெரியல. நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். தெரியல."

"சரிடா. நீ எங்க இருக்கே, அதைச் சொல்லு."

"ஷெட்டுல. பூட்டிக்கிட்டேன். பீப்பாயை எல்லாம் கவுத்துட்டேன். துணியை நனைச்சுச் சுத்திலும் போட்டுட்டேன். இந்த இன்ஜின்தான் எனக்குச் சோறு போட்டுச்சு, இதுவே அந்த மனுஷனைத் திங்கப் பார்த்துச்சு. இதுவும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம், நானும் வேண்டாம். அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

அவன் குரலுக்குப் பின்னால், மேலேயிருந்து, தடதடவென்று ஒரு சத்தம் அவளுக்குக் கேட்டது. கரண்ட் வந்திருக்கிறது. தையல் மெஷின்கள்.

"கட்டை, மேல பொம்பளைங்க இருக்காங்கடா! டேய்!"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

அவள் சொல்லி முடிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் வராந்தாவில் ஓடிக்கொண்டே யாரையோ போனில் கூப்பிட்டார். சின்னவள் டெய்லரக்காவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அத்தனை மெஷின்களின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

கட்டிலிலிருந்து டீசல்காரர் கால்களைக் கீழே போட்டார். ஊசிக் குழாயைப் பல்லால் கவ்விப் பிடுங்கித் துப்பினார். கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி, தள்ளாடித் தள்ளாடி வாசலுக்கு வந்தார். வாசலில் சின்னவள் நின்றாள்.

"என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க. அவன் என் பேச்சை மட்டும்தான் கேட்பான்."

"தெரியும்" என்றாள் சின்னவள். கண்கள் அவரை எரித்தன. "உங்க பேச்சைக் கேட்டுத்தானே இன்னைக்கு மாடிக்கு வந்தான்."

தையல் போட்ட இடத்திலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. வெளியே ஜீப் உறுமியது. பெரியவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இதில் அவள் சொல்ல எதுவும் இல்லை. சொல்லவேண்டியவள் தங்கை.

சின்னவள் பக்கத்து அறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, கட்டுப்போட்ட அந்தக் கையைத் தொடாமல், அவருடைய முழங்கைக்கு மேலே இறுகப் பிடித்தாள்.

"நடங்க மாமா. சீக்கிரம்."